குறைத்து விற்றால் குற்றமா?

இன்றைக்குப் பதிவு கொஞ்சம் நீளம். காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

கும்பகோணத்தில் வீட்டு உபயோகப் பொருள் கடை வைத்திருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போன் செய்தார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. "டீச்சர், இந்த மிக்ஸியை இன்ன விலைக்குக் கீழே விக்கக் கூடாதுன்னு கம்பெனியில சொல்றாங்க. வித்தா சரக்கு அனுப்ப மாட்டாங்களாம். நான் காசு குடுத்து வாங்கின பொருள். என் லாபத்தைக் குறைச்சுக்கிட்டு நான் விக்கிறேன். இதுல அவங்களுக்கு என்ன?" என்றார். அதே வாரம் நம் குடும்பக் குழுவில் தங்கை மருமகள், தஞ்சாவூரில் நாலு கடை ஏறி இறங்கியும் ஒரு ஃபிரிட்ஜுக்கு ஒரே விலைதான் சொல்கிறார்கள், பேரம் பேசினால் சிரிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாள். இரண்டும் ஒரே விஷயத்தின் இரண்டு பக்கங்கள். இதற்கு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. பாடப் புத்தகத்தில் இல்லாததால் உங்களுக்கு வகுப்பில் நான் சொன்னதில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் எம்.ஆர்.பி. என்பது அதிகபட்ச விலை. அதற்கு மேல் வாங்கக் கூடாது என்பதுதான் சட்டம். அதற்குக் கீழே எவ்வளவுக்கு விற்றாலும் அரசாங்கத்துக்கு ஆட்சேபம் இல்லை. பெட்டியில் அடைத்த பொருள்களுக்கான விதிகள் 1977இல் வந்தன. ஆரம்பத்தில் "உள்ளூர் வரிகள் தனி" என்று போட்டுக்கொள்ள இடம் இருந்தது. அந்த நாலு வார்த்தையைச் சாக்காக வைத்து ஒரு சோப்புக்குக் கடைக்காரர் எவ்வளவு சேர்த்து வாங்கினார் என்பது என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். 1990இல்தான் எல்லா வரிகளும் சேர்த்தே அதிகபட்ச விலை போட வேண்டும் என்று மாற்றினார்கள். ஆக, சட்டம் கூரையைப் போட்டது. நம் மாணவரிடம் கம்பெனி கேட்பது தரை. கூரையை அரசாங்கம் போடுகிறது, தரையைக் கம்பெனி போடுகிறது, இரண்டுக்கும் நடுவில் கடைக்காரர் தலை நிமிர்ந்து நிற்க இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இந்தத் தரை போடும் வேலையை வெகு காலத்துக்கு முன்பே செய்தவர்களில் அமெரிக்காவின் டாக்டர் மைல்ஸ் மருந்து கம்பெனியும் ஒன்று. இந்தியானா மாநிலத்தில் எல்கார்ட் என்ற ஊர். நரம்புக்கு, தலைவலிக்கு என்று பாட்டிலில் மருந்து விற்றவர்கள். 400க்கு மேற்பட்ட மொத்த வியாபாரிகளோடும் 25,000 சில்லறைக் கடைக்காரர்களோடும் ஒப்பந்தம் போட்டு, இன்ன விலைக்குக் குறைத்து விற்கக் கூடாது என்று கட்டிவைத்திருந்தார்கள். ஒப்பந்தம் போடாத ஒரு மொத்த வியாபாரி, மற்றவர்கள் மூலம் மருந்தை வாங்கிக் குறைத்து விற்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1911இல் தீர்ப்பு: பொருளை விற்றுக் காசை வாங்கிக்கொண்ட பிறகு, அடுத்தவர் அதை என்ன விலைக்கு விற்க வேண்டும் என்று கட்டளையிடும் உரிமை தயாரிப்பாளருக்குக் கிடையாது. நம் கும்பகோணத்து மாணவர் போனில் கேட்டதும் அதையேதான். அவர் எந்தச் சட்டப் புத்தகமும் படித்தவர் இல்லை.

இங்கிலாந்தில் கதை வேறு மாதிரி. அங்கே முதலில் இதில் சிக்கியவை புத்தகங்கள். பதிப்பாளர் மாக்மில்லன், 1890இல் ஆல்ஃப்ரட் மார்ஷல் எழுதிய பொருளாதாரப் புத்தகத்தை "இந்த விலைக்குக் குறையாமல்தான் விற்க வேண்டும்" என்ற நிபந்தனையோடு வெளியிட்டார். போட்டியைப் பற்றிப் பாடம் சொல்லும் புத்தகத்தையே போட்டியில்லாமல் விற்றது, உங்களில் பொருளாதாரம் படித்தவர்களுக்குச் சிரிப்பை வரவழைக்கும். 1900இல் பதிப்பாளர்களும் கடைக்காரர்களும் சேர்ந்து இதை ஒரு உடன்பாடாகவே ஆக்கிக்கொண்டார்கள். 1905இல் 'டைம்ஸ்' பத்திரிகை தன் சந்தாதாரர்களுக்காகப் புத்தகக் கழகம் தொடங்கி, படித்துத் திரும்பி வந்த பிரதிகளைக் குறைந்த விலைக்கு விற்றது. பதிப்பாளர்கள் கொதித்தெழுந்தார்கள், 1908 வரை சண்டை. கடைசியில் பதிப்பாளர்கள் பக்கமே வெற்றி. அந்த உடன்பாடு 1990களின் நடுப்பகுதி வரை தாக்குப் பிடித்தது, 1997இல் நீதிமன்றமே அதைச் செல்லாது என்றது.

நடுவில் 1964இல் எட்வர்ட் ஹீத் என்ற மந்திரி, பிற்பாடு பிரதமரும் ஆனவர், மற்றப் பொருள்களுக்கெல்லாம் இந்தக் குறைந்தபட்ச விலைக் கட்டுப்பாட்டை ஒழிக்க மசோதா கொண்டுவந்தார். அவர் கட்சியின் வாக்கு வங்கியே சிறு கடைக்காரர்கள். சொந்தக் கட்சிக்காரர்களே எதிர்த்து, மருந்து பற்றிய ஒரு திருத்தத்தில் அரசு ஒரே ஒரு ஓட்டில் தப்பியது. அந்த வருஷம் அக்டோபர் தேர்தலில் கட்சி தோற்றபோது, இதுவும் ஒரு காரணம் என்று சொன்னவர்கள் உண்டு. கடைக்காரர்கள் ஏன் எதிர்த்தார்கள் என்று யோசியுங்கள். பெரிய கடைகள் குறைத்து விற்றால் நாங்கள் தெருவில் நிற்போம் என்றார்கள். அந்தப் பயம் பொய்யில்லை.

நம் நாட்டுக்கு வருகிறேன். 1964இல் தாஸ் குப்தா தலைமையில் ஏகபோக விசாரணைக் குழு அமைத்தார்கள். அதன் அறிக்கையைத் தொடர்ந்து 1969இல் ஏகபோகம் மற்றும் கட்டுப்பாட்டு வணிகமுறைகள் சட்டம் வந்தது. எம்.ஆர்.டி.பி. சட்டம் என்று பேப்பரில் படித்திருப்பீர்கள். பெரிய தொழிலதிபர்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் என்றுதான் நமக்கெல்லாம் தெரியும். அதற்குள் 39, 40 என்று இரண்டு பிரிவுகள் ஓசைப்படாமல் உட்கார்ந்திருந்தன. மறுவிற்பனைக்குக் குறைந்தபட்ச விலை வைக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்றது 39. குறைத்து விற்றார் என்பதற்காகக் கடைக்காரருக்குச் சரக்கை நிறுத்தக் கூடாது என்றது 40. அந்தக் காலத்து விலைப்பட்டியல்களில் "இதைவிடக் குறைந்த விலைக்கும் விற்கலாம்" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி வந்ததற்குக் காரணம் இதுதான்.

இதில் ஒரு வேடிக்கை. அந்தச் சட்டம் கடுமையாக இருந்த நாட்களில் இங்கே யாரும் குறைத்து விற்கவே இல்லை! ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. முறை வந்தவர் வண்டியை எடுத்த கையோடு கூடுதல் விலைக்குக் கைமாற்றிவிடுவார். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோதும் முன்பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தார்கள். பற்றாக்குறை நாட்டில் குறைந்தபட்ச விலைக்கு என்ன வேலை? தரையில் பாய் விரிக்கவே ஆள் இல்லை, எல்லோரும் கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள்.

1991க்குப் பிறகு கடைகளில் சரக்கு நிரம்பியது. ஒரே காரை விற்க ஒரே ஊரில் இரண்டு மூன்று ஷோரூம் வந்தது. அப்போதுதான் பேரமும் தள்ளுபடியும் உயிர்பெற்றன. அதே நேரத்தில் சட்டமும் மாறியது. 2002இல் போட்டிச் சட்டம் இயற்றினார்கள். 2009இல் அதன் முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வந்து பழைய சட்டம் போயிற்று. புதிய சட்டத்திலும் மறுவிற்பனை விலைக் கட்டுப்பாடு உண்டு. 3ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு. ஆனால் பழைய சட்டம் மாதிரி "செல்லாது" என்று ஒரே வெட்டாக வெட்டவில்லை. சந்தையில் போட்டிக்குக் கணிசமான கெடுதல் வருகிறதா என்று எடைபோட்டுப் பார்த்துத்தான் தவறு என்று சொல்லும். சின்ன வித்தியாசம் போலத் தெரியும். வக்கீல்களுக்குச் சோறு போடுவது இந்த வித்தியாசம்தான்.

2017 ஜூனில் இந்தியப் போட்டி ஆணையம் ஹூண்டாய் கம்பெனிக்கு 87 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நம் தமிழ்நாட்டில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை வைத்திருக்கும் அதே ஹூண்டாய்தான். டீலர்கள் தரும் தள்ளுபடிக்கு வரம்பு கட்டி அதைக் கண்காணித்தது என்பது முக்கியக் குற்றச்சாட்டு. அடுத்த வருஷம் செப்டம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. போதிய சான்றோடு ஆணையம் நிறுவவில்லை என்பது தீர்ப்பாயத்தின் பார்வை.

மாருதி வழக்கு இதைவிடச் சுவையானது. ஒரு டீலர் பெயர் போடாமல் அனுப்பிய மின்னஞ்சல்தான் ஆரம்பம். மொட்டைக் கடிதம் என்று நாம் கேலி செய்வோமே, அதே ஜாதி. அதை வைத்து ஆணையம் தானாகவே வழக்கை எடுத்தது. 2019இல் விசாரணைக்கு உத்தரவிட்டு, 2021 ஆகஸ்ட் 23 அன்று 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஆணையம் சொன்ன விவரங்களைப் படித்தபோது எனக்குத் துப்பறியும் நாவல் படிப்பது போல இருந்தது. கம்பெனி அனுமதித்ததற்கு மேல் டீலர் தள்ளுபடி தர வேண்டுமானால் முன் அனுமதி வாங்க வேண்டும். மீறுகிறார்களா என்று பார்க்கத் தனி ஏஜென்சிகள். அவர்கள் வாடிக்கையாளர் போல வேஷம் போட்டு ஷோரூமுக்குள் போவார்கள், "இன்னும் கொஞ்சம் குறைங்க சார்" என்று பேரம் பேசுவார்கள், ஒலியும் காட்சியுமாகப் பதிவு செய்து கம்பெனிக்கு அனுப்புவார்கள். மாட்டிய டீலருக்கு விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வரும். விளக்கம் திருப்தியில்லை என்றால் டீலருக்கு அபராதம். அது மட்டுமா? அங்கே வேலை பார்க்கும் விற்பனைப் பையனுக்கும், அவனுக்கு மேலே உள்ள அலுவலர்களுக்கும் தனித்தனி அபராதம். அந்தப் பணத்தை எங்கே கட்ட வேண்டும், எதற்குச் செலவிட வேண்டும் என்பதையும் கம்பெனியே சொல்லும். சில சமயம் சரக்கை நிறுத்துவோம் என்ற மிரட்டலும் உண்டு.

எனக்கு மனதில் தைத்தது அந்த விற்பனைப் பையன்தான். மாத டார்கெட் எட்ட வேண்டும், வந்தவர் நல்ல மனிதராகத் தெரிகிறார், ஒரு சீட் கவரும் மேட்டும் சேர்த்துத் தருகிறேன் என்று வாய்விட்டிருப்பான். எதிரே உட்கார்ந்திருந்தவர் சட்டைப் பையில் கேமரா. உங்களில் எத்தனை பேர் ஷோரூம்களில் வேலை பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். கம்பெனி மேல்முறையீடு செய்தது, அபராதத்துக்குத் தீர்ப்பாயம் இடைக்காலத் தடையும் கொடுத்தது. அதனால் 200 கோடியும் கட்டி முடிந்தது என்று யாரும் எண்ண வேண்டாம்.

இந்த இடத்தில் மறுபடியும் அமெரிக்கா போக வேண்டியிருக்கிறது. 1911 தீர்ப்பு 96 வருஷம் நின்றது. நடுவில் 1937இல் மாநிலங்கள் விரும்பினால் குறைந்தபட்ச விலையை அனுமதிக்கலாம் என்று ஒரு சட்டம் வந்து, 1975இல் அதுவும் போயிற்று. பிறகு டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு சின்னக் கடை, பெண்களுக்கான பெல்ட், கைப்பை விற்கும் கடை. பிரைட்டன் என்ற பெயரில் வரும் சரக்கை 20 சதவீதம் குறைத்து விற்றது. லீஜின் என்ற தயாரிப்பாளர் கம்பெனி சரக்கை நிறுத்தியது. கடைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள், ஜூரி 12 லட்சம் டாலர் நஷ்டஈடு கொடுத்தது, சட்டப்படி அது மூன்று மடங்கானது. கம்பெனி உச்ச நீதிமன்றம் போக, 2007 ஜூன் 28 அன்று ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் பழைய தீர்ப்பையே தூக்கி வைத்துவிட்டார்கள். இனி ஒவ்வொரு வழக்கையும் எடைபோட்டுத்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். நம் புதிய சட்டம் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான்.

தீர்ப்பு வந்த பிறகு முதலில் சூடு உணர்ந்தவர்களில் ஒரு கூட்டம் யார் தெரியுமா? பலகை விளையாட்டு ஆர்வலர்கள்! 'கட்டான்' என்று ஒரு விளையாட்டு. ஜெர்மனிக்காரர் கிளாஸ் டாய்பர் 1995இல் வெளியிட்டது. ஒரு தீவு, அதில் மரம், செங்கல், ஆடு, தானியம், தாது. பண்டமாற்றுச் செய்து ஊர் கட்ட வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் தங்கை மகன் ஒரு முறை கொண்டுவந்து, எங்கள் வீட்டு முற்றத்தில் எல்லோரையும் உட்காரவைத்து விளையாடினான். தானிய அட்டையை விடாமல் சேர்த்து வைத்து நான் ஜெயித்தேன், தஞ்சாவூர்க்காரி இல்லையா!

அதை ஆங்கிலத்தில் வெளியிட்ட மேஃபேர் கம்பெனி, தீர்ப்புக்குப் பிறகு, தன் விளையாட்டுகளை 20 சதவீதத்துக்கு மேல் யாரும் தள்ளி விற்கக் கூடாது என்று விதி வைத்தது. ஆர்வலர்கள் கொதித்தார்கள். கணக்கு எளிது. 40 டாலர் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். இணையக் கடையில் 35 சதவீதம் தள்ளினால் 26 டாலர். புது விதிப்படி 32க்குக் கீழே போகாது. மாதம் ஒரு பெட்டி வாங்குகிறவனுக்கு வருஷத்தில் 72 டாலர் போகிறது. இனி இந்தக் கம்பெனிப் பெட்டியைத் தொட மாட்டோம் என்றார்கள் சிலர். எங்களுக்குக் கடையே வேண்டாம், நாங்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துக்கொள்கிறோம் என்றார்கள் சிலர்.

எதிர்ப்பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஊருக்குள் இருக்கும் சின்ன விளையாட்டுக் கடையில் நாலு மேஜை போட்டிருப்பார்கள். சனிக்கிழமை பிள்ளைகள் வந்து உட்கார்ந்து, கடைக்காரர் திறந்து வைத்திருக்கும் பெட்டியில் கற்றுக்கொண்டு விளையாடுவார்கள். பிடித்துப் போனால் வீட்டுக்குப் போய் இணையத்தில் வாங்குவார்கள். மேஜை, விளக்கு, வாடகை இவருக்கு. விற்பனை அவருக்கு. அப்படியே போனால் கடை மூடும், புதிதாகக் கற்றுக்கொள்ள ஆளே வராது, கடைசியில் கம்பெனிக்கும் நஷ்டம் என்பது அவர்கள் வாதம். கட்டானின் ஆங்கில உரிமை 2016இல் அஸ்மோடி என்ற பெரிய கம்பெனிக்குப் போனது. அவர்கள் கடையில் நேரில் விற்பவருக்கு ஒரு விதி, இணையத்தில் விற்பவருக்கு வேறு விதி என்று பிரித்தார்கள். மறுபடியும் அதே கொதிப்பு. மேஃபேர் 2018இல் கடையைக் கட்டியது.

(தாயத்துக்கும் பல்லாங்குழிக்கும் இந்தத் தொல்லை கிடையாது. திண்ணையில் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம், புளியங்கொட்டையைத் தேய்த்துத் தாயம். தயாரிப்பாளரும் இல்லை, டீலரும் இல்லை, தள்ளுபடியும் இல்லை.)

என் அபிப்பிராயத்தைக் கேட்பீர்கள். கும்பகோணத்து மாணவர் கடையிலும் அந்த மேஜை இருக்கிறது. மிக்ஸியை ஓட்டிக் காட்டுகிறார், ஜாடி மூடி உடைந்தால் மாற்றித் தருகிறார், வயதானவர்கள் வீட்டுக்கு ஆள் அனுப்புகிறார். அவர் கடையில் பார்த்துவிட்டு மொபைலில் வாங்குகிறவர்கள் நம் குடும்பத்திலேயே உண்டு, பெயர் சொல்ல மாட்டேன். ஆகவே கம்பெனி போடும் தரை அவரை ஓரளவு காப்பாற்றும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தரையை யார் போடுகிறார்கள், யாருக்காகப் போடுகிறார்கள்? கடைக்காரருக்கு மேஜை போட்டதற்குக் கூலி தர வேண்டுமானால் கம்பெனி நேராகத் தரலாமே. விளக்கிக் காட்டுவதற்கு இவ்வளவு, பழுது பார்ப்பதற்கு இவ்வளவு என்று. அதை விட்டுவிட்டு, வாங்குகிறவர் எல்லோரிடமும் கூடுதலாக வாங்கிக் கொடு, குறைத்தால் சரக்கு வராது என்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. மேலும், இதே கம்பெனிகள் இணையத்தில் திருவிழாத் தள்ளுபடி அறிவிக்கும்போது அந்தத் தரை எங்கே போகிறது? கும்பகோணத்துக்கு மட்டும் சிமெண்ட் தரை, இணையத்துக்கு ஓலைப்பாயா?

மாணவரிடம் சொன்னது இவ்வளவுதான்: வாய்வார்த்தையாக வருவதை எழுத்தில் கேள், வந்த செய்தி எதையும் அழிக்காதே, சங்கத்தில் பேசு. மாருதி வழக்கே ஒரு மின்னஞ்சலில் தொடங்கியதுதான்.

டெல்டாக்காரர்களாகிய நம்மிடம் ஒருவர் உடனே கேட்கலாம்: நெல்லுக்குக் குறைந்தபட்ச விலை வேண்டும் என்று நீங்கள் போராடுவீர்கள், மிக்ஸிக்கு மட்டும் கூடாதா? என் சித்தப்பா மகன் இதைக் கேட்டே விட்டார். இரண்டும் ஒரே பெயர், ஒரே பொருள் இல்லை. 1965இல் வேளாண் விலைக் குழு அமைத்ததிலிருந்து வந்த ஆதரவு விலை என்பது, வேறு யாரும் வாங்காவிட்டால் இந்த விலைக்கு அரசாங்கம் வாங்கிக்கொள்ளும் என்ற வாக்கு. 2025-26க்கு மத்திய அரசு சொன்னது சாதாரண ரகம் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,389. மாநில அரசு அதன் மேல் ஊக்கத்தொகை சேர்க்கிறது. இதற்குக் கீழே விற்கும் விவசாயிக்குத் தண்டனை இல்லை. கீழே வாங்கும் வியாபாரிக்கும் இல்லை. மிக்ஸியை 200 ரூபாய் குறைத்து விற்றவரைக் கண்டுபிடிக்க ஆள் போட முடிகிறது. களத்து மேட்டில் நெல்லைக் குறைத்துக் கேட்கிறவரைப் பதிவு செய்ய யாரும் வேஷம் போட்டு வருவதில்லை. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டினால் திருப்பி அனுப்புவார்கள், மழை வேறு மிரட்டும், தார்ப்பாய் போட்டு நாலு நாள் காவல் காத்துவிட்டு வந்த விலைக்குப் போட்டுவிட்டு வருகிறவர்கள் நம் சொந்தத்திலேயே இருக்கிறார்கள்.

கடை வைத்திருக்கும் மாணவர்கள் உங்களுக்கு வந்த நிபந்தனைகளைக் கீழே எழுதுங்கள், கம்பெனி பெயர் வேண்டாம். குறுவை அறுவடையில் என்ன விலைக்குப் போட்டீர்கள் என்பதையும் ஊர்ப் பெயரோடு போடுங்கள், ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.